பத்தாவது தவறிய பிள்ளைக்கு யார் பொறுப்பு?

ஒத்தக்கடை பஸ் நிறுத்தத்தில் காலை ஆறரை மணிக்கு நின்று பார்த்தால், நம் பிள்ளைகளின் எதிர்காலம் இரண்டாகப் பிரிவதைக் கண்ணாலேயே காணலாம். ஒரு பக்கம் சீருடையும் புத்தகப் பையுமாக மேலூருக்கும் மதுரைக்கும் பஸ் ஏறும் பிள்ளைகள். இன்னொரு பக்கம் தூக்குச்சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வேனுக்குக் காத்து நிற்கும் பிள்ளைகள். மில்லுக்கு ஒரு வேன், கட்டட வேலைக்கு ஒரு வேன், செங்கல் சூளைக்கு ஒரு வேன். இரு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் வயது ஒன்றுதான். ஊர் ஒன்றுதான். சில சமயம் தெருவும் ஒன்றுதான். மூன்று வருஷத்துக்கு முன்பு இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள்.

இந்தப் பிரிவினை எங்கே நடந்தது? யார் செய்தது? இதைப் பற்றித்தான் மில் தொழிலாளிகளும் விவசாயத் தொழிலாளிகளுமான நாம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் நம் தவறு

பிறரைக் குறை கூறுவதற்கு முன்பு நம்முடைய தவறைச் சொல்லிவிடுகிறோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் தன் மகனை அழைத்துக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வந்தார். நடவும் களையெடுப்பும் செய்து பிழைப்பவர். பையனுக்கு 16 வயது. பத்தாவதில் எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தான். கணக்கில் மட்டும் தவறிவிட்டான். “அண்ணே, வீட்டுல சும்மா இருந்தா கெட்டுப் போயிடுவான். மில்லுல நீங்க ஒரு வார்த்தை சொன்னா எடுத்துக்கிடுவாக” என்றார் அந்த அம்மா.

நாம் என்ன செய்தோம்? தெரிந்தவர் ஒருவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தோம். ஒரு குடும்பத்துக்கு உதவி செய்துவிட்டோம் என்ற திருப்தியோடு டீ குடிக்கப் போனோம். தவறிய ஒரு பாடத்தை அதே கோடையில் துணைத் தேர்வு எழுதித் தேறலாம் என்பதை அவனுக்கு நாம் சொல்லவில்லை. கோ.புதூரில் சர்க்கார் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது, எட்டாவது தேறியவனுக்கும் அங்கே சில தொழில்கள் கற்றுத் தருகிறார்கள் என்பதையும் சொல்லவில்லை. நமக்கே அது அப்போது நினைவுக்கு வரவில்லை. அவன் படித்த பள்ளியிலும் யாரும் சொல்லவில்லை. மார்க் பட்டியலைக் கையில் கொடுத்தார்கள், அவன் வாசலைத் தாண்டினான், அவ்வளவுதான் கதை.

மில்லில் அவனுக்குப் ‘பயிலாளி’ என்று பெயர் வைத்தார்கள். மூன்று வருஷம் என்ன பயின்றான்? அறுந்த நூலை முடியவும், தரையைக் கூட்டவும், சிப்டு மாறும்போது வாய் திறவாமல் நிற்கவும் பயின்றான். இப்போது அவனுக்கு 19 வயது. ஆர்டர் குறைந்தது என்று நிறுத்திவிட்டார்கள். கையில் சர்ட்டிபிகேட்டும் இல்லை, தொழிலும் இல்லை. போன மாதம் அதே தாய் வந்தார். இந்தத் தடவை அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் உட்கார்ந்திருந்ததுதான் நம்மைச் சுட்டது.

அந்தச் சூட்டில் எழுதுகிறோம் இதை.

மூன்று படிகள்

உலகில் பல நாடுகளில் பள்ளிகள் ஒரு முறையைக் கடைப்பிடிக்கின்றன. அதைப் ‘படிப்படியான ஆதரவு’ என்று சொல்லலாம். விஷயம் எளிது. முதல் படி எல்லாப் பிள்ளைக்கும்: நல்ல வகுப்பு, நல்ல சாப்பாடு, புத்தகம், வாத்தியார். இரண்டாம் படி பின்தங்கத் தொடங்கிய சிலருக்கு: சிறு குழுவாகச் சேர்த்து வாரத்தில் சில மணி நேரம் கூடுதல் பாடம், கூடுதல் கவனிப்பு. மூன்றாம் படி மிகவும் சிரமத்தில் இருக்கும் ஓரிருவருக்கு: வீடு தேடிப் போய், அந்த ஒரு பிள்ளைக்கென்றே ஒருவர் பொறுப்பெடுப்பது.

பின்லாந்து தேசத்தில் 2011 முதல் இதைச் சட்டமாகவே வைத்திருந்தார்கள்: பொது ஆதரவு, கூடுதல் ஆதரவு, தனி ஆதரவு என்று மூன்று. 2025 ஆகஸ்டில் அந்தச் சட்டத்தைத் திருத்தி வேறு விதமாக அமைத்திருக்கிறார்கள். ஆனாலும் தேவைப்படும் பிள்ளைக்கு உதவி தர வேண்டியது பள்ளியின் கடமை என்பது மாறவில்லை. அமெரிக்காவில், முதலாளித்துவக் கோட்டையான அந்த நாட்டில்கூட, உடற்குறையோ கற்றல் குறையோ உள்ள மாணவனுக்கு 16 வயது ஆகும்போது, பள்ளி முடிந்த பின் அவன் என்ன தொழில் செய்வான், எப்படிச் சொந்தக் காலில் நிற்பான் என்று எழுத்தில் ஒரு திட்டம் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

நம் விவசாயிக்கு இது புதிய தத்துவம் அல்ல. பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டதும் எல்லா வயலும் நனைந்துவிடுகிறதா? மடைக்குப் பக்கத்து வயல் தானே நனையும். நடு வயலுக்கு வரப்பை வெட்டிவிட வேண்டும். கடைமடைக்கோ, நீர்ப்பாய்ச்சி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ராத்திரியில் கூடவே நடந்து போக வேண்டும். “அணையிலிருந்து தண்ணீர் விட்டாயிற்று, கடைமடை காய்ந்தால் அது கடைமடையின் விதி” என்று எந்த ஊரிலாவது சொல்வார்களா? வயலுக்குச் சொல்லாததைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள்!

முதல் படி அகலம், மூன்றாம் படி காலி

நியாயமாகப் பேசுவோம். முதல் படியில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் அல்ல. 1920இல் சென்னை நகரசபை ஆயிரம் விளக்கில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டது. 1956இல் காமராஜ் மந்திரிசபை மதிய உணவைப் பரவலாக்கியது. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சி அதைச் சத்துணவாக விரித்தது. 2022 செப்டம்பர் 15ஆம் தேதி, நம் மதுரையிலேயே, சிம்மக்கல் ஆதிமூலம் பள்ளியில் காலைச் சிற்றுண்டித் திட்டம் தொடங்கியது. இலவச பஸ் பாஸ், புத்தகம், சீருடை, சைக்கிள் இவையெல்லாம் உண்டு. யாரும் தானமாகத் தந்தவை அல்ல இவை. பசித்த பிள்ளை படிக்காது என்று ஏழை ஜனங்கள் பல தலைமுறையாகச் சொல்லிச் சொல்லிப் பெற்றவை.

அப்புறம் மேலே ஒரு வாசல். 2020இல் மருத்துவப் படிப்பிலும், 2021இல் பொறியியல் முதலான தொழிற்படிப்புகளிலும், சர்க்கார் பள்ளி மாணவருக்கு நூற்றுக்கு ஏழரை இடம் ஒதுக்கப்பட்டது. 2022 மார்ச் 1ஆம் தேதி ‘நான் முதல்வன்’ வந்தது. எந்தப் படிப்பு, எந்தத் தொழில் என்று 9 முதல் 12 வரை வகுப்புகளுக்கு வழிகாட்டுவதும் அதில் ஒரு பகுதி. 2022 செப்டம்பரில் ‘புதுமைப் பெண்’, 2024 ஆகஸ்டில் ‘தமிழ்ப் புதல்வன்’: சர்க்கார் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போன பெண்ணுக்கும் பையனுக்கும் மாதம் 1,000 ரூபாய். நடவுக்குப் போகும் தாயின் மகள் பாங்கு அட்டையில் தன் பணத்தைத் தானே எடுக்கிறாள் என்றால் அது சாதாரண விஷயம் அல்ல. மனமார வரவேற்கிறோம்.

ஆனால் கவனியுங்கள் தோழர்களே: கீழே சாப்பாடு இருக்கிறது, மேலே கல்லூரி வாசலில் உபகாரச் சம்பளம் இருக்கிறது. நடுவில் 14 வயது முதல் 18 வரை என்ன இருக்கிறது?

சட்டம்கூட அந்த இடத்தில் கையை விட்டுவிடுகிறது. பத்தே ஆண்டுகளில் 14 வயது வரை எல்லாருக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர முயல வேண்டும் என்று 1950இல் அரசியல் சட்டம் எழுதி வைத்தது. 1960 வந்தது, போனது. 2002இல் சட்டத் திருத்தம், 2009இல் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1ஆம் தேதி அமல். அந்தச் சட்டமும் 6 முதல் 14 வயது வரைதான். எட்டாம் வகுப்பு வரை உரிமை; ஒன்பதாம் வகுப்பில் அவரவர் பாடு. எந்த வயதில் வீட்டுக் கஷ்டம் பிள்ளையின் தோளில் ஏறுகிறதோ, எந்த வயதில் மில் ஏஜெண்டு தெருவுக்குள் வருகிறானோ, எந்த வயதில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிக்கிறார்களோ, சரியாக அந்த வயதில் சட்டம் “எனக்குச் சம்பந்தமில்லை” என்கிறது.

இரண்டாம் படி அடியோடு இல்லை என்று சொல்லமாட்டோம். 2025-26 கல்வியாண்டில் ‘திறன்’ என்ற பெயரில், ஆறாம் வகுப்புக்கு மேல் எழுத்துக் கூட்டவும் கணக்குப் போடவும் தடுமாறும் பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சி தொடங்கினார்கள். நல்லது. ஆனால் ஏற்கெனவே இருக்கும் வாத்தியாரின் முதுகிலேயே அந்தப் பாரத்தையும் ஏற்றினால் அது எத்தனை நாள் ஓடும்? ஒரே ஆள் வகுப்பும் எடுத்து, இணையத்தில் விவரமும் ஏற்றி, தேர்தல் வேலையும் பார்த்து, பின்தங்கிய பிள்ளைக்குத் தனியாகவும் சொல்லித் தர முடியுமா? ஆள் போடாத திட்டம் சுவரில் ஒட்டிய போஸ்டர்தான்.

மூன்றாம் படியோ அதிர்ஷ்டத்தின் கையில் இருக்கிறது. மனசாட்சியுள்ள ஒரு டீச்சர் வீடு தேடிப் போய்ப் பிள்ளையைத் திரும்ப அழைத்து வருகிறார். அப்படிப்பட்டவர்களை நாம் அறிவோம், வணங்குகிறோம். ஆனால் அந்த டீச்சர் மாற்றலாகிப் போனால்? பிள்ளையின் வாழ்வு ஒரு தனி மனிதரின் நல்ல குணத்தை நம்பி இருக்கக்கூடாது. பிளஸ் டூ முடித்தும் எங்கும் சேராத பிள்ளைகளைத் தேடிப் பிடிக்க ‘உயர்வுக்குப் படி’ என்று முகாம் நடத்தினார்கள். சரியான காரியம். அதே தேடலைப் பத்தாவதில் தவறியவனுக்கும், ஒன்பதாவதில் நின்றவளுக்கும் ஏன் நடத்தக் கூடாது? அவர்கள்தானே கடைமடை?

மில் வாசல் ஏன் திறந்தே இருக்கிறது?

இது கவனக்குறைவு மட்டும்தானா? இல்லை. பள்ளி கைவிடும் பிள்ளை சிலருக்குத் தேவைப்படுகிறது.

நம் பாட்டனார் காலத்துச் சரித்திரத்தைப் பாருங்கள். 1881ஆம் வருஷத்து பாக்டரிச் சட்டம் ஏழு வயதுப் பிள்ளையை மில்லில் ஒன்பது மணி நேரம் வேலை வாங்க அனுமதித்தது. 1891இல் வயதை ஒன்பது ஆக்கினார்கள். 1922இல் பன்னிரண்டு. நாடு விடுதலை பெற்ற பின் 1948இல்தான் பதினாலு. மதுரையில் ஹார்வி மில் சங்கு ஊதிய காலத்தில் அரை நேரப் பிள்ளைகள் என்று ஒரு கூட்டமே மில்களில் உண்டு. ஏழிலிருந்து பதினாலுக்கு ஏற 67 ஆண்டுகள் பிடித்தன. ஒவ்வொரு தடவையும் முதலாளிகள் “தொழில் அழிந்துவிடும்” என்று கூக்குரல் இட்டார்கள். தொழில் அழியவில்லை.

2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். 14 வயதுக்கு உட்பட்டவரை எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது என்றார்கள். கூடவே, பள்ளி நேரம் போகக் ‘குடும்பத் தொழில்’ செய்யலாம் என்று ஒரு சந்தையும் திறந்துவிட்டார்கள். 14 முதல் 18 வரை அபாயமான தொழில்களில் மட்டும் தடை, மற்றதில் தாராளம். அந்தத் தாராளத்தில்தான் ‘பயிலாளி’ என்ற பெயர் பிழைக்கிறது. அதில்தான் திண்டுக்கல், கோவை, திருப்பூர் வட்டாரங்களில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற மங்களமான பெயரில் நம் பெண்களை விடுதியில் அடைத்து, மூன்று வருஷம் முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று ஆசை காட்டி வேலை வாங்கினார்கள். நடுவில் உடம்புக்கு முடியாமல் வீடு திரும்பியவளுக்கு அந்த மொத்தப் பணம் கிடைத்ததா என்று எந்தக் கிராமத்திலும் கேட்டுப் பாருங்கள்.

படிப்பு நின்ற பிள்ளைக்குப் பேரம் பேசத் தெம்பு கிடையாது. தெம்பில்லாத உழைப்பு மலிவான உழைப்பு. மலிவான உழைப்பு முதலாளிக்கு லாபம். இதைப் புரிந்துகொண்டால், மூன்றாம் படி ஏன் இத்தனை காலமாகக் காலியாகக் கிடக்கிறது என்பது புரியும்.

படி என்பது ஏறுவதற்கு

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ‘படி’ என்ற பெயரில் பிள்ளைகளைப் பிரித்து வைக்கும் ஆபத்து உண்டு. இவன் கெட்டிக்காரன், இவன் மக்கு. இவனுக்குக் கல்லூரி, இவனுக்குக் கைத்தொழில் என்று 14 வயதிலேயே முத்திரை குத்தினால், அந்த முத்திரை கடைசியில் யார் நெற்றியில் விழும்? சேரிப் பிள்ளையின் நெற்றியில், கூலிக்காரன் பிள்ளையின் நெற்றியில்தான்.

1953இல் ராஜாஜி அப்படி ஒரு திட்டம் கொண்டு வந்தார். பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் தகப்பன் தொழில். தமிழ்நாடு அதற்குக் ‘குலக்கல்வி’ என்று பெயரிட்டு எதிர்த்து எழுந்தது. 1954இல் காமராஜ் முதல் மந்திரியானதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அந்தப் பாடத்தை நாம் மறக்கக்கூடாது. கைத்தொழில் இழிவு என்று நாம் சொல்லவில்லை. கைத்தொழில் செய்து வாழ்கிறவர்கள் நாம். பிட்டர் படித்தவன் பிறகு பாலிடெக்னிக் போகவும், அங்கிருந்து இன்ஜினீயரிங் போகவும் கதவு திறந்திருக்க வேண்டும் என்கிறோம். ஏற முடிந்தால்தான் அதற்குப் படி என்று பெயர். ஏற விடாமல் நிறுத்துவதற்குப் பெயர் சுவர்.

வாழ்க்கைக்குத் தயார் செய்வது என்றால் என்ன?

“மாணவர்களைத் தொழிற்சாலையின் தேவைக்கேற்பத் தயார் செய்கிறோம்” என்று பெரிய மனிதர்கள் மேடையில் பேசுகிறார்கள். தொழிற்சாலையின் தேவை சரி; அந்தப் பிள்ளையின் தேவை என்ன?

18 வயதில் ஒரு பிள்ளை என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்? கம்ப்யூட்டர் வேண்டும், இங்கிலீஷ் வேண்டும், மறுக்கவில்லை. அதோடு, சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரிய வேண்டாமா? சம்பளத்தில் நூற்றுக்கு 12 பி.எப்.புக்கும், முக்கால் இ.எஸ்.ஐ.க்கும் பிடிக்கிறார்கள், முதலாளியும் தன் பங்கைக் கட்ட வேண்டும் என்று தெரிய வேண்டாமா? வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடக்கூடாது என்று யார் சொல்லித் தருவது? 18 வயதுக்கு முன் பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், 1098க்குப் போன் செய்தால் ஆள் வரும் என்று ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரிய வேண்டாமா? கந்துக் கடன் எப்படி வளரும் என்று கணக்குப் போடத் தெரிந்தவன்தான் வாழ்க்கைக்குத் தயாரானவன். அந்தக் கணக்கில் தவறினால் துணைத் தேர்வு கிடையாது.

நம் கோரிக்கைகள்

சர்க்காரிடம் நாம் கேட்பவை:

ஒன்று: இலவசக் கட்டாயக் கல்வி உரிமையை 18 வயது வரை நீட்ட வேண்டும். மாற்றுத் திறனாளிப் பிள்ளைகளுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயது வரை இலவசக் கல்வி என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கு ஆகுமென்றால் எல்லாருக்கும் ஆகும்.

இரண்டு: காலியிடங்களில் வாத்தியார்களைப் போட வேண்டும். 9 முதல் 12 வரை உள்ள பிள்ளைகளில் பள்ளியை விட்டு விலகும் அறிகுறி தெரிகிறவர்களைக் கவனிக்கவே ஒவ்வொரு பள்ளியிலும் பொறுப்பான ஒருவர் வேண்டும்.

மூன்று: பத்தாவது தேர்வு முடிவு வந்த ஒரு வாரத்துக்குள், தவறிய ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் ஆள் போக வேண்டும். துணைத் தேர்வுக்குக் கட்டணமும் வாங்கக்கூடாது. தனி வகுப்பும் நடத்த வேண்டும்.

நான்கு: கல்லூரி வாசலில் தரும் 1,000 ரூபாயைப் போல, 15 வயதில் வேன் ஏறாமல் பள்ளியில் நிற்கும் ஏழைப் பிள்ளைக்கும் உதவித் தொகை வேண்டும். எட்டாவதில் தேர்வு வைத்துத் தேறியவருக்கு மட்டும் வருஷம் 12,000 ரூபாய் என்று மத்திய சர்க்கார் ஒரு உபகாரச் சம்பளம் வைத்திருக்கிறது. நன்றாகப் படிப்பவனுக்குப் பரிசு கொடுங்கள். தடுமாறுகிறவனுக்கு ஊன்றுகோலும் கொடுங்கள்.

மத்திய சர்க்காருக்கு இன்னொரு வார்த்தை. புதிய கல்விக் கொள்கைக்குக் கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்குச் சேர வேண்டிய பள்ளிக்கல்வி நிதியை நிறுத்தி வைத்தார்கள். 2,152 கோடி ரூபாய் பாக்கி என்று 2025இல் மாநில சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டு வரை போக வேண்டியிருந்தது. கொள்கைச் சண்டையில் பிள்ளைகளின் பங்கைப் பணயம் வைப்பது என்ன நியாயம்?

நாம் செய்ய வேண்டியது

கோரிக்கை எழுதி அனுப்பிவிட்டுக் கையைக் கட்டி உட்காரலாமா? கூடாது.

சர்க்கார் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அது நம்முடைய சபை. ஆனால் கூட்டம் வேலை நேரத்தில் நடந்தால் போகிறவனுக்கு ஒரு நாள் கூலி போய்விடுகிறது. கூட்டத்தை வேலை முடிந்த பிறகு வைக்கச் சொல்லுங்கள். வைத்தால் தவறாமல் போங்கள். போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “போன வருஷம் ஒன்பதாவது படித்த பிள்ளைகளில் இந்த வருஷம் வராதவர்கள் யார் யார்? பெயர் சொல்லுங்கள்.”

நமக்கு உரிமையான உதவிகள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. மில் தொழிலாளியின் பிள்ளைக்குத் தொழிலாளர் நல வாரியத்தில் கல்வி உதவி உண்டு. கட்டடத் தொழிலாளி தன் வாரியத்தில் பதிந்திருந்தால் பிள்ளைக்கு உதவி உண்டு. விவசாயத் தொழிலாளிக்கு 2011இல் வந்த உழவர் பாதுகாப்புத் திட்டத்திலும் உண்டு. கார்டு இல்லாத காரணத்தால் இழந்தவர்கள் எத்தனை பேர்! ஒவ்வொரு சங்கக் கிளையும் ஜூன் மாதத்துக்குள் தன் அங்கத்தினர் வீடுகளில் 14 முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளின் பட்டியல் எடுக்க வேண்டும். யார் படிக்கிறார்கள், யார் நின்றார்கள், யாருக்கு எந்த உதவி என்று எழுத வேண்டும். வழி தெரியாவிட்டால் 14417 என்ற பள்ளிக்கல்வி உதவி எண்ணில் கேட்கலாம்.

கடைசியாக ஒன்று. அந்தப் பையன் இப்போது தவறிய கணக்குப் பாடத்துக்கு மனுப் போட்டிருக்கிறான். தினமும் சாயங்காலம் நம் அலுவலக பெஞ்சில், ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவரிடம் படிக்கிறான். தேறுவானா என்று நமக்குத் தெரியாது. தேறினால் கோ.புதூர் கூட்டிப் போவோம். தவறினால் மறுபடி எழுதச் சொல்வோம். மூன்று வருஷத்துக்கு முன்பு செய்திருக்க வேண்டிய வேலையை இப்போது செய்கிறோம்.

இனிமேல் மில்லுக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்டு 16 வயதுப் பிள்ளை யார் வந்தாலும், நாம் முதலில் கேட்கப் போவது அவனுடைய மார்க் பட்டியலைத்தான். நீங்களும் அப்படியே செய்யுங்கள், தோழர்களே!